எம்.எஸ்.டி.பி.யில் இரண்டு ரீஜியன்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

எம்.எஸ்.டி.பி. என்பது சுவிட்சுகளுக்கு இடையே கேபிள்கள் சுற்றாக (லூப்) அமைந்துவிடாமல், உபரிப் பாதையை அடைத்து மரம் போல ஒரே வழியை வைக்கும் நெறிமுறை; ஒரே அமைப்போடு அதை ஓட்டும் சுவிட்சுகளின் கூட்டம்தான் ரீஜியன். நான் பார்த்துக்கொள்ளும் வளாகத்தில் விடுதிக் கட்டடங்கள் ஒரு எம்.எஸ்.டி. ரீஜியன், வகுப்புகளும் ஆய்வகங்களும் இன்னொன்று. அதற்கு முன் வி-லேனுக்கு (ஒரே சுவிட்சுகளில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்) ஒரு மரம் போடும் பி.வி.எஸ்.டி. ஓடியது. வி-லேன் கூடக் கூட, பயனர்கள் இணையும் ஆக்சஸ் சுவிட்சுகள் திணறின. 2002-இல் 802.1எஸ் என்று வந்த எம்.எஸ்.டி.பி.யில் வி-லேன்களை இரண்டு மூன்று இன்ஸ்டன்ஸுகளில், அதாவது மரங்களில், அடக்கிவிடலாம். எல்லா இன்ஸ்டன்ஸின் தகவலும் ஒரே பி.பி.டி.யு.வில் (மரம் போடச் சுவிட்சுகள் பரிமாறும் செய்தி) போய்விடும். எம்.எஸ்.டி.பி.க்கு மாறிய அன்றே அந்தத் திணறல் நின்றது.

இரண்டு சுவிட்சுகள் ஒரே ரீஜியனில் சேர ரீஜியன் பெயர், ரிவிஷன் எண், எந்த வி-லேன் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற பட்டியல் மூன்றும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இருந்தாலும் போச்சு. பட்டியல் அப்படியே கம்பியில் போவதில்லை, அதைச் சுருக்கிய 16 பைட் டைஜஸ்ட்தான் போகிறது. அதனால் சந்தேகம் வந்தால் பட்டியலை வரி வரியாக ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டு பெட்டியிலும் டைஜஸ்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹுவாவே மாதிரி சில பிராண்டுகளில் பெட்டியின் மேக் முகவரியே ரீஜியன் பெயராக வரும். பெயரை மாற்றாமல் மாட்டினால் ஒவ்வொரு பெட்டியும் தனி ரீஜியன்தான்.

நாங்கள் செய்ததில் உருப்படியான வேலை, வி-லேன் 2 முதல் 2047 வரை முதல் இன்ஸ்டன்ஸ், 2048 முதல் 4094 வரை இரண்டாவது என்று ஆரம்பத்திலேயே மொத்தத்தையும் பிரித்துப் போட்டது. வி-லேன் இருக்கிறதா இல்லையா என்பது பற்றிக் கவலையில்லை. தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் டைஜஸ்ட் மாறும். எல்லாப் பெட்டியிலும் மாற்றி முடிக்கும்வரை ரீஜியன் துண்டு துண்டாகக் கிடக்கும். இப்போது புது வி-லேனுக்கு எண் கொடுக்கும்போதே அது எந்தப் பக்கம் என்பது முடிவாகிவிடுகிறது.

அதிகம் படுத்தியது டிரங்கில் (பல வி-லேன்களைச் சுமக்கும், சுவிட்சுகளுக்கு இடையிலான இணைப்பு) வி-லேன்களைக் கத்தரித்து வைத்திருந்ததுதான். பழைய ஒப்பந்தக்காரர் ஒரு கட்டடத்துக்கு இரண்டு கேபிள் இழுத்து, ஒன்றில் வி-லேன் 30 மட்டும், மற்றதில் 40 மட்டும் அனுமதித்திருந்தார். பி.வி.எஸ்.டி.யில் அது பிழைத்தது. எம்.எஸ்.டி.யில் 30, 40 இரண்டும் ஒரே இன்ஸ்டன்ஸ். அந்தக் கணக்கில் இது ஒரு லூப். எம்.எஸ்.டி. ஒரு கேபிளை அடைத்துவிட்டது. விளக்கு பச்சையாக எரிகிறது, போர்ட் அப் என்கிறது, 40-இல் இருந்த மாடி முழுக்க நெட் இல்லை. ஒரு இன்ஸ்டன்ஸின் எல்லா வி-லேனும் எல்லா டிரங்கிலும் போகட்டும் என்று விட்ட பிறகுதான் சரியானது.

சரி, இரண்டு ரீஜியன் அவசியமா? ஒரே ஆள் நிர்வகிக்கும் இடமென்றால் வேண்டாம் என்பேன். எங்களுக்கு விடுதிப் பக்கம் வேறு குழு. அவர்கள் பட்டியலை மாற்றினாலும் எங்கள் ரீஜியன் உடையாது, அந்த நிம்மதிக்காகத்தான் வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ரீஜியன் முழுவதும் ஒரே சுவிட்ச் மாதிரிதான். ஆனால் விலை உண்டு. ரீஜியன்களுக்கு இடையில் எல்லோருக்கும் பொதுவான மரம் (இன்ஸ்டன்ஸ் 0) மட்டும்தான் ஓடும்; எல்லையில் உள்ள போர்ட்டை அது அடைத்தால் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் அடைப்புதான். ரீஜியன்களை இணைக்கும் அப்லிங்க் இரண்டு இருந்தும் ஒன்று சும்மாவே கிடந்தது. இரண்டையும் எல்.ஏ.சி.பி.யில் (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும் முறை) ஒன்றாகக் கட்டியதும் அந்தக் குறை தீர்ந்தது. பொது மரத்தின் ரூட்டை, அதாவது மரம் தொடங்கும் தலைமைச் சுவிட்சை, நடுவிலுள்ள கோர் சுவிட்சிலேயே வைத்துவிடுங்கள். இன்ஸ்டன்ஸ் 1, 2-க்கு முன்னுரிமை எண் (சிறிய எண்ணே ரூட் ஆகும்) போட்டுவிட்டு இன்ஸ்டன்ஸ் 0-ஐ மறப்பவர்கள் நிறைய.

விடுதி அறைகளில் எட்ஜ் போர்ட்டோடு (பயனர் கருவி மட்டும் மாட்டும் போர்ட்) பி.பி.டி.யு. கார்டும் (பி.பி.டி.யு. வந்தால் போர்ட்டை மூடிவிடும்) கட்டாயம். சுவரில் இருக்கும் இரண்டு சாக்கெட்டையும் ஒரே கேபிளால் இணைத்துப் பார்க்க ஒரு பையன் வருடா வருடம் வந்துவிடுகிறான்.

ஆய்வகத்தில் பி.வி.எஸ்.டி.யிலேயே விடப்பட்ட ஒரு பழைய பெட்டி மட்டும் கொஞ்ச நாள் தொல்லை கொடுத்தது. பொது மரத்தின் ரூட் எங்கள் கோரில் 4096-இல் இருக்க, அந்தப் பெட்டியில் ஏதோ ஒரு வி-லேனுக்கு முன்னுரிமை 0 என்று இருந்தது. ரூட் எம்.எஸ்.டி. பக்கம் என்றால் எல்லா வி-லேனுக்கும் அந்தப் பக்கமேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் எம்.எஸ்.டி. சுவிட்ச் எல்லைப் போர்ட்டை முரண் என்று குறித்து நிறுத்திவிடும். அந்த 0-ஐ 32768 ஆக்கினோம், போர்ட் தானாகவே எழுந்துவிட்டது.