யாழ்ப்பாணத் தீவுச் சுற்றுலா என்று 42,000 ரூபாய் போச்சு. முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதிலிருந்து நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் "யாழ்ப்பாணம் டூர்" போடுகிறார். கும்பகோணம், மயிலாடுதுறை ஆட்கள் யாராவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். என்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். வயிறு எரிகிறது, முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கடை பெயர் போடவில்லை. சபரிமலை வேன், நவக்கிரகக் கோயில் டூர் எல்லாம் ஏற்பாடு செய்கிற ஒரு சின்ன டிராவல்ஸ். கப்பல் டிக்கெட்டை நாங்களே எடுத்துக்கொண்டோம். அந்தக் கரையில் வேன், தங்குமிடம், கூடவே ஒரு வழிகாட்டி, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு, எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு 42,000. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குத் திருபுவனம் பட்டு சாத்துவதாக அம்மாவுக்கு வேண்டுதல். என் பையனுக்கு நெடுந்தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வம்சம் இன்னும் அங்கே இஷ்டத்துக்குத் திரிகிறது.

டிராவல்ஸ்காரர் போனை எடுத்து, நயினாதீவுக் கோபுரத்தின் முன்னால் ஒரு வயசான அம்மா நிற்கிற படத்தைக் காட்டினார். "எங்கம்மா சார். இவங்களைப் பாத்துக்கிட்ட மாதிரி உங்கம்மாவையும் பாத்துப்பாங்க." அம்மா அங்கேயே "நீ நல்லா இருப்பே தம்பி" என்று வாழ்த்திவிட்டார். அது யாருடைய அம்மாவோ, இப்போது சந்தேகமாக இருக்கிறது. ரசீது கேட்டேன். "யாழ் டூர், 42,000" என்று ஒரே வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

காங்கேசன்துறையில் இறங்கினால் எங்களைத் தேடி ஒருவரும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு வேன் வந்தது. டிரைவர் தன்மையான மனுஷன். "லொட்ஜில இறக்கி விடத்தான் காசு தந்தவை ஐயா. மற்றது எனக்குத் தெரியாது" என்றார். லாட்ஜில் ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் பணம் கட்டியிருந்தது. டிராவல்ஸ்காரர் போன் சுவிட்ச் ஆஃப்.

மறுநாள் பத்தரைக்கு ஒரு பையன் வந்தான், அவன்தான் வழிகாட்டியாம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று இரண்டு பக்கமும் கடல் தெரிகிற அழகான சாலை, அதை ரசிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. குறிகட்டுவான் துறைக்குப் போனதும் "நெடுந்தீவுக்குக் காலமைப் படகு போயிட்டுது. பின்னேரம் போனா இண்டைக்குத் திரும்ப ஏலாது" என்கிறான். அவனைத் திட்டவும் முடியவில்லை. முந்தின ராத்திரிதான் அவனுக்கே போன் போயிருக்கிறது, சம்பளமும் பேசவில்லை. உச்சி வெயிலில் அம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, பட்டு இருந்த மஞ்சள் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். நயினாதீவுக்குப் படகுக் கூலி, வேன் வாடகை, பையனுக்குச் சம்பளம், இன்னொரு ராத்திரி ரூம், எல்லாம் எங்கள் கையிலிருந்து. பட்டு சாத்தியாயிற்று. குதிரை பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் கேட்டால், "அங்க உள்ள ஏஜெண்ட் பண்ணினது சார், பேசிட்டு இருக்கேன்." அப்புறம், "பௌர்ணமி போகட்டும் சார், திருவண்ணாமலை வண்டி நிறைய இருக்கு." அப்புறம், "நயினாதீவு பாத்தீங்கல்ல, சாமி பாத்தாச்சுல்ல?" நேற்று ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல நெடுந்தீவுன்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்றார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. இன்று போனால் "ஓனர் வெளியூர்" என்கிறான் கடைப் பையன். ஓனர் பைக் வாசலிலேயே நிற்கிறது. 42,000 ரூபாய்க்கு அவர் வாயிலிருந்து ஒரு மன்னிப்புக்கூட வரவில்லை.

சரி, கவனிக்க வேண்டியது. எந்தத் தீவு, எத்தனை ராத்திரி, யார் வழிகாட்டி என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கரை ஆளின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். முழுப் பணம் கொடுக்காதீர்கள். நெடுந்தீவு என்றால் விடிகாலையிலேயே துறையில் இருங்கள். மழைக்காலத்தில் கப்பலே நின்றுவிடும், அப்போது பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். வேறு ஒன்றும் இப்போது தோன்றவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் வந்தால் இங்கேயே எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுவேன்.