சார்ஜ் ஏறாமல், தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த போன்: பழுது கண்டுபிடித்த விதமும் அதற்குப் பின்னான பாவனையும்

2021 ஆம் ஆண்டு கொழும்பில் வாங்கிய நடுத்தர விலை அன்ட்ரொயிட் போன் ஒன்றையே இன்றும் பாவித்து வருகிறேன். 2022 இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு, பழுதான போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுப்பது எங்களில் பலருக்குக் கட்டுப்படியாகாத காரியமாகிவிட்டது. ஆகவே, மூன்றாம் வருடக் கடைசியில் அது சார்ஜ் ஏறாமலும், நினைத்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகியும் தொல்லை தரத் தொடங்கியபோது, பழுது எங்கே என்று ஆறுதலாகப் பார்த்துத் திருத்துவதென்று முடிவெடுத்தேன். திருத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

வயரைச் செருகினால் சார்ஜ் ஏறும் அடையாளம் தோன்றும், மறையும். இரவு முழுவதும் போட்டு வைத்தாலும் சில வீதமே கூடியிருக்கும். 40 வீதம் காட்டும்போது கமராவைத் திறந்தால் திரை கறுத்து, கம்பனியின் சின்னம் வரும். மீண்டும் இயங்கியதும் 9 வீதம் என்று காட்டும். சில வேளைகளில் அந்தச் சின்னத்தைத் தாண்டாமலே திரும்பத் திரும்ப அணைந்து எரியும். இவற்றை இரண்டு தனித்தனிப் பழுதுகளாக எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குப் புதுச் சார்ஜரும் மற்றதற்கு ஃபெக்டரி ரீசெட்டும் செய்யச் சொல்பவர்களே அதிகம். என் அபிப்பிராயம் வேறு. இரண்டும் ஒன்றாக வந்தால், மென்பொருளைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும். சுவரிலுள்ள பிளக்கிலிருந்து பற்றரி வரை மின்சாரம் வரும் பாதையை ஒரு முனையிலிருந்து சோதித்துக்கொண்டு போக வேண்டும்.

இந்த வேலைக்கு மிகவும் கைகொடுத்தது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைத்த யூஎஸ்பி மீற்றர். சார்ஜருக்கும் வயருக்கும் இடையில் அதைச் செருகினால், எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர் போகிறதென்று சிறிய திரையில் காட்டும். என் போனில் 5.1 வோல்ற் இருந்தது. ஆனால் அம்பியர் 0 க்கும் 0.1 க்கும் இடையில் துள்ளிக்கொண்டிருந்தது. அதே சார்ஜரிலும் அதே வயரிலும் மனைவியின் போன் 1.6 அம்பியர் இழுத்தது. அத்துடன் சார்ஜர், வயர் இரண்டின் மீதுமான சந்தேகம் நீங்கியது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த வயரையும் நம்புவது புத்தியல்ல. மலிவு வயர்களில் வரும் 28 கேஜ் தடிப்புள்ள மெல்லிய செப்புக் கம்பிக்கு, ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.2 ஓம் தடை உண்டு. மின்சாரம் போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு கம்பிகள் இருப்பதால், 2 அம்பியர் ஓடும்போது 0.8 வோல்ற் வயரிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ற்றில் மிஞ்சும் 4.2 ஐக் கொண்டு, நிரம்பும்போது தானே 4.2 வோல்ற்றையோ அதற்கு மேலோ தொட வேண்டிய பற்றரியை நிரப்ப முடியாதென்பதால், போன் இழுக்கும் அம்பியரைக் குறைத்துக்கொள்ளும். வயர் மாற்றியதும் சிலருடைய போன் குணமாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்துப் போனில் வயர் செருகும் வாயைப் பார்த்தேன். போனை அணைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தபோது, காற்சட்டைப் பையின் பஞ்சு அடியில் இறுகிப் படிந்து, பிளக்கை முழுதாக இறங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. பல் குத்தும் மரக்குச்சியின் நுனியை மெல்லச் சீவி, ஓரங்களில் விட்டுக் கிளறி எடுத்தேன். குண்டூசி கூடவே கூடாது. யூஎஸ்பி சி வாயின் நடுவிலுள்ள மெல்லிய நாக்கில் மேலும் கீழுமாக 24 பின்கள் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் செலவு இரட்டிப்பாகும். பஞ்சு வந்த பிறகு சில பின்களில் பச்சை படர்ந்திருப்பது தெரிந்தது. வெள்ளவத்தையில் கடல் பக்கமாகக் குடியிருப்பவர்களுக்கு இது புதினமல்ல. உப்புக் காற்று எங்கள் யன்னல் கம்பியையே தின்கிறது. ஐசோபுறொப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகியபோது மீற்றர் 0.9 அம்பியர் காட்டியது. வயரைச் சற்று அசைத்தால் அதுவும் விழுந்தது. ஆக, வாய் தேய்ந்துவிட்டது. ஆனால் ரீஸ்டார்ட் ஆவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ரீஸ்டார்ட் விடயத்தில் முதலில் விலக்க வேண்டியது பவர் பட்டன். கவர் அதை அழுத்திக்கொண்டிருந்தாலோ, பட்டன் உள்ளே சிக்கியிருந்தாலோ போன் இதே கூத்தைத்தான் ஆடும். கவரைக் கழற்றியும் மாற்றமில்லை. நாமாக ஏற்றிய செயலிகள் எதுவும் இயங்காத சேஃப் மோட்டிலும் கமராவைத் திறந்ததும் அணைந்தது. தீர்ப்பைத் தந்தது வேறொன்று: ஒருவாறு ஏறிய சார்ஜில், 70 வீதத்துக்கு மேல் இருக்கும்போது ஃப்ளாஷ் போட்டுப் படமெடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை, 40 க்குக் கீழே போனதும் தவறாமல் அணைந்தது. மென்பொருளில் பழுதென்றால் அது பற்றரியின் வீதத்தைப் பார்த்து வராது. லித்தியம் அயன் பற்றரி பழசாகும்போது அதன் கொள்ளளவு குறைவதோடு உள்தடையும் கூடுகிறது. தடை 0.2 ஓம் ஆகிவிட்ட பற்றரியிலிருந்து கமராவும் ஃப்ளாஷும் சேர்ந்து ஒரு கணம் 2.5 அம்பியர் இழுத்தால், 0.5 வோல்ற் சட்டென்று விழும். நிரம்பிய பற்றரி அதைத் தாங்கும், 3.7 வோல்ற்றில் நிற்கும் பற்றரி 3.2 க்கு இறங்கிவிட, மின்சாரத்தை நிர்வகிக்கும் சிப் போனை அணைத்துவிடும். பழைய பற்றரியுள்ள ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணைவதைத் தடுக்கவே அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. கொழும்பின் வெக்கையில், பகல் முழுதும் 30 பாகை செல்சியஸைத் தொட்டு நிற்கும் அறையில், 100 வீதத்திலேயே வைத்திருந்த பற்றரி மூன்று வருடத்தில் இந்த நிலைக்கு வருவது அதிசயமல்ல.

படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் கணினிக்கு மாற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். காலி வீதியிலுள்ள கடையொன்றில் போனைத் திறக்காமலே, "போர்ட் போயிட்டு அண்ணன், செஞ்சும் வேலையில்ல, புதுசு ஒண்டு எடுங்க" என்றார்கள். போர்ட் என்று அவர்கள் சொன்னது போனின் பிரதான மின்சுற்றுப் பலகையை. திறக்காமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. புறக்கோட்டையில் மாடிப்படிக்குக் கீழே சிறு மேசை போட்டிருக்கும் திருத்துநர் ஒருவர், பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றினார். பற்றரியின் நடுப்பகுதி இலேசாக உப்பியிருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில், பற்றரிக்குப் பதிலாக மின்சாரம் கொடுக்கும் டிசி சப்ளையின் இரண்டு முனைகளையும் பிடித்து, 4 வோல்ற்றில் வைத்தார். பட்டனை அழுத்துவதற்கு முன்பு அம்பியர் 0 விலேயே நின்றது. போர்ட்டில் மின்சாரம் குறுக்கே பாயும் ஷோர்ட் இருந்திருந்தால் அப்போதே ஏறியிருக்கும். அழுத்தியதும் எண் 1 வரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, முகப்புத் திரை வந்ததும் 0.3 இல் அடங்கியது. கமராவையும் ஃப்ளாஷையும் போட்டுப் பார்த்தார், அணையவில்லை. "அப்ப போர்ட்டுக்கு ஒண்டுமில்லையா நானா?" என்று கேட்டேன். "போர்ட் நல்லம். பற்றரிதான் முடிஞ்சிட்டு. சார்ஜிங் போர்ட்டையும் சேர்த்து மாத்துவோம்" என்றார். சார்ஜிங் போர்ட் என்றது, தேய்ந்துபோன அந்த வாய் பொருத்தியிருக்கும் சிறு பலகையை. இரண்டுக்குமான செலவு புதுப் போனின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

புறக்கோட்டையில் விற்கும் பற்றரிகள் எல்லாமே 'ஒரிஜினல்' தான். அதில் அச்சிட்ட தயாரிப்புத் திகதியைப் பார்ப்பதும், வீட்டுக்கு வந்து, ஏறும் மொத்த மின்சக்தியை மீற்றரில் அளப்பதும்தான் வழி. 5000 எம்ஏஎச் என்று எழுதிய பற்றரியில் 3.85 வோல்ற் கணக்கில் ஏறத்தாழ 19 வொற் மணி அடங்க வேண்டும். வழியில் சூடாகப் போவதையும் சேர்த்து மீற்றர் அதற்கு மேல்தான் காட்ட வேண்டும். வெறுமையிலிருந்து நிரம்பும் வரை 15 தான் காட்டினால், எழுதியிருப்பது பொய். எனக்குக் கிடைத்தது எழுதிய அளவுக்கு நின்றது.

இப்போது 15 வீதத்திலும் கமரா திறக்கிறது. காலையில் 80 வீதத்துடன் எடுத்துச் சென்றால் இரவு வீடு வரும்வரை போதும். 80 க்கு மேல் ஏறாதபடி அமைப்பில் கட்டுப்படுத்தியிருக்கிறேன், அவ்வசதி இருக்கும் போன்களில் அதைப் போடாமல் விடுவது அநியாயம். இழந்தவையும் உண்டு. பின்மூடியை ஒருமுறை கழற்றியதால் தண்ணீர் தாங்கும் பசை போய்விட்டது. மழை நாளில் பொலித்தீன் உறைக்குள்ளேதான் பயணம். புதிய சார்ஜிங் போர்ட் முன்னைய வேகத்தில் சார்ஜ் ஏற்றுவதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை, பற்றரியும் குறைவாகவே சூடாகிறது.

டிசி சப்ளையில் பட்டனை அழுத்து முன்னரே அம்பியர் ஏறியிருந்தால், படங்களை மீட்பதற்கு மேல் அந்தப் போனில் நான் பணம் போட்டிருக்க மாட்டேன். அப்போது வேறொரு போனின் போர்ட்டைப் போட்டுத் தருவதாகச் சில கடைகளில் சொல்வார்கள். அந்தப் போர்ட்டோடு அந்தப் போனுக்கேயுரிய அடையாளமான ஐஎம்இஐ இலக்கமும் வரும் என்பதால், சம்மதிக்கு முன் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.