பெங்களூரில் 24 மணி நேர கேர்டேக்கர்: ரேட் கார்டில் ஏறாத செலவு

எங்கள் வீட்டுக்குக் கேர்டேக்கர் அனுப்பும் ஏஜென்சி மறுபடியும் ரேட் ஏற்றியிருக்கிறது. அல்சூர் நண்பர் ஒருவரும் சரியாக இந்த நேரம் பார்த்து, "அம்மாவுக்கு ஆள் வைக்கணும், இவங்களையே எடுக்கலாமா?" என்கிறார். இது அவருக்கான பதில்.

வேலையில் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவதும், மூக்குக் குழாயில் கஞ்சி விடும் முன் தலைமாட்டை உயர்த்தி, விட்ட பிறகு அரை மணி நேரமாவது இறக்காமல் வைப்பதும் யார் வந்தாலும் ஒழுங்காக நடக்கிறது. அவர்கள் சொல்லி வாங்கிய ஏர் பெட்டுக்கு (படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை) தனியாகக் கும்பிடு போடலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மேலே போர்வையை மடித்து மடித்துப் போட்டால் பலனே இல்லை. இடுப்புக்கு நேர் கீழே, பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்; உடம்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும், பம்ப்பை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: மாற்று ஆள்.

ஒப்பந்தத்தில் "24 மணி நேரத்தில் மாற்று" என்று இருக்கும். ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் துர்கா பூஜைக்கு ஊருக்குப் போகத்தான் செய்வார்கள், அது நியாயம். தேதி முன்கூட்டியே தெரிந்தும் முந்தின நாள் ராத்திரி போன் செய்வதுதான் ஆகாது. அனுப்புகிற புது ஆளுக்குத் தமிழ் தெரியாது, கன்னடமும் தெரியாது. மறதி நோய் முற்றினால் பின்னால் கற்ற மொழிகள் முதலில் கழன்றுவிடலாம். நாற்பது வருஷம் கன்னடம் பேசியவரும் "தண்ணி", "வலிக்குது" என்று மட்டும் சொல்வார். அந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்களை இந்தி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பழைய ஆளும் புது ஆளும் ஒரு நாள் சேர்ந்து இருக்கட்டும், இரட்டைக் கூலி போனாலும் பரவாயில்லை. டயப்பர் எப்போது மாற்றுவது, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்பதெல்லாம் எந்த நோட்டிலும் இருக்காது.

கணக்குக்கு வருவோம். நாள் 1,100 என்றால் 31 நாள் மாதத்துக்கு 34,100. சாப்பாடு நம்முடையது. டயப்பர் நாளைக்கு நாலு, ஒன்று 40 ரூபாய் என்றால் அதே மாதத்துக்கு 4,960. படுக்கையில் இருப்பவருக்கு ஒட்டுகிற வகைதான் சரி. பேண்ட் மாடலை மாட்ட ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கியாக வேண்டும். பதிவுக் கட்டணம் திரும்பாது.

மெடிக்ளைம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். குளிப்பாட்ட, உடுத்த, நடக்க வைக்க ஆள் வைக்கும் செலவு, வீட்டிலானாலும் பராமரிப்பு இல்லத்திலானாலும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பொது விலக்கு 05-இல் (பாலிசி பணம் தராத செலவுகளில் ஒன்று) அடிபட்டுப் போகும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவருக்கான உச்சவரம்பு 30 லட்சத்தைப் போட்டால், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதம் 20,500, அதற்கும் வரி உண்டு. ஆள் கூலிக்கே எட்டாது. அந்த வட்டி ஐந்து வருஷம் அசையாது. கூலி வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருஷத்தில் இரட்டிப்பு. அப்பா, அம்மா இரண்டு பேர் பெயரிலும் தனித்தனியாகப் போட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

பராமரிப்புக்கு நாலரை கொடுத்திருப்பேன். மாற்று ஆள் விஷயமாக நேற்று ராத்திரி வந்த போனுக்குப் பிறகு ஐந்துக்கு இரண்டுதான். நண்பரே, எடுக்காதீர்கள். நாங்கள் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். மாற்று ஆள் தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு என்று கூலியில் கழிப்பதாக இந்தத் தடவை எழுதி வாங்கியாகிவிட்டது.