பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் வாங்கிய இதயம்

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். இதயப் பாடம் வந்தாலே போர்டில் படம் வரைந்து கை ஓய்ந்துவிடும். அதனால் இந்த வருஷம் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் லேப் சாமான் விற்கும் கடை ஒன்றில், கழற்றி மாட்டும் இதய மாடல் வாங்கினேன். 1,800 ரூபாய் சொன்னார்கள், பேசி 1,550க்கு முடித்தேன்.

அசல் இதயத்தின் அளவுதான். முன்பக்கத்தைக் கழற்றினால் நான்கு அறைகளும் தெரியும். எனக்குப் பிடித்தது சுவர்களின் கனம். இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும். கடையில் இருந்த மலிவு மாடலில் இரண்டும் ஒரே கனம். இதில் சரியாகச் செய்திருக்கிறார்கள். வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது பக்கம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ள வேண்டும். தடவிப் பார்த்தே பிள்ளைகள் காரணத்தைப் பிடித்துவிட்டார்கள்.

வால்வு இதழ்களைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் மெல்லிய நாண்கள்கூட இருக்கின்றன. ஆனால் ரொம்ப நொய்மை. முதல் வகுப்பிலேயே ஒன்று உடைந்தது. "அப்போ ரத்தம் திரும்பி மேலே போயிடுமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். போகும்தான். நிஜ இதயத்தில் நாண் அறுந்தாலும் இதழ் ஆரிக்கிள் (மேலறை) பக்கம் மடங்கி ரத்தம் கசியும். பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

பெரிய குறை பெயின்ட். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுரையீரல் சிரைகள் நான்குக்கும் நீலம் அடித்திருக்கிறார்கள்! சிரை என்றாலே நீலம் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் வருவதே அதில்தான், சிவப்பாக இருக்க வேண்டும். பரீட்சையில் பிள்ளைகள் தடுமாறும் இடமும் இதுதான். தங்கச்சியின் நெயில் பாலிஷை வைத்துச் சரிசெய்தேன். அப்புறம், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனிகள் மேலே அழகாகப் புடைத்துத் தெரிகின்றன. ஆனால் பெருந்தமனியில், வால்வுக்குச் சற்று மேலே அவை கிளம்பும் இடத்தைக் காட்டவில்லை. தன் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தது எங்கே என்று கேட்ட பையனுக்கு நான் வரைந்துதான் காட்டினேன்.

ரத்தம் சுற்றி வருவதை இது காட்டாது. அதற்குக் காசே வேண்டாம். 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி படம் போட்டு விளக்கிய சோதனை போதும்: மேல்கையில் துணியைக் கட்டி, முன்கையில் புடைத்த சிரையை மணிக்கட்டுப் பக்கமாக விரலால் நீவினால், உள்ளே இருக்கும் வால்வு வழிவிடாது. சிரையில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகும் என்று அதிலேயே புரிந்துவிடும்.

வாங்குவதானால் கடையிலேயே கழற்றச் சொல்லி, பாகங்களை ஒட்டிப் பிடிக்கும் காந்தங்கள் சரியாகப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். என்னுடையதில் ஒன்று தளர்வு. ரசீதையும் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தரமாட்டார்கள்.