நாலு தடவை கழுவிவிட்டு "மாட்டாதீங்க" என்று சொன்ன கடை

பொள்ளாச்சியில் டாக்ஸி ஓட்டுகிறேன். 2010 மாடல் இன்னோவா, 2.5 டீசல். நான் சொல்லப்போகும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோவையில் பொள்ளாச்சி ரோட்டில், சுந்தராபுரம் பக்கம், வாசலில் பழைய லாரி ரேடியேட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டகை. ரேடியேட்டரும், இன்ஜின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலரும் மட்டும்தான் வேலை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் கழற்ற மாட்டார்கள். பொருளைக் கழற்றிக் கையில் எடுத்துப் போக வேண்டும்.

நான் போனதற்குக் காரணம் ஒரு இன்ஜினை வீணாக்கியதுதான். போன வருஷம் உடுமலை ரோட்டில் கன்ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்தில் இருக்கும் உலோக வளையம்) போய், கிராங்க்கும் தேய்ந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய இன்ஜின் ஒன்றை வரவழைத்தோம். மாட்டிய மெக்கானிக் என்னுடைய ஆயில் கூலரையே டீசலில் அலசி, காற்றடித்து ஏற்றிவிட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. 2,300 கிலோமீட்டரில் அந்த இன்ஜினும் தட்ட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் பேரிங் ஷெல்லில் மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கிறது. செத்துப்போன இன்ஜினின் தூள், கூலருக்குள் உட்கார்ந்திருந்து புது இன்ஜினுக்கு வந்துவிட்டது. பணம் போனது ஒரு பக்கம். இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் மாற்ற மறுபடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சல்.

ஆயில் ஃபில்டர் அந்தத் தூளைப் பிடிக்காதா என்று நானும் கேட்டேன். காலையில் இன்ஜின் குளிர்ந்து ஆயில் கெட்டியாக இருக்கும்போதும், ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும், ஃபில்டரைத் தாண்டி ஆயிலை விடும் பைபாஸ் வால்வு திறந்துவிடும். இன்ஜினுக்கு ஆயிலே போகாமல் இருப்பதைவிட வடிகட்டாத ஆயிலாவது போகட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அந்த நேரத்தில் தூளும் சேர்ந்தே போகும்.

சரி, கடைக்கு வருகிறேன். மூன்றாவது இன்ஜினை ஏற்றுவதற்கு முன்னால் கூலரைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கூலரைத் தொடுவதற்கு முன்பே, "இன்ஜின் எதனால போச்சுங்க தம்பி?" என்று கேட்டார். பேரிங் என்றதும் முகம் மாறியது. "தண்ணி கலந்து வந்திருந்தா எனக்குச் சுலபம். பேரிங் தூள்னா கழுவிப் பார்க்கிறேன், உத்தரவாதம் தரமாட்டேனுங்க" என்றார்.

லாரி ரேடியேட்டர் முக்குகிற காஸ்டிக் தொட்டியில் இதைப் போடவில்லை. கூலர் உட்காரும் மூடி அலுமினியம், காஸ்டிக் அதை அரித்துவிடும். தனி வாளியில் மண்ணெண்ணெய், ஒரு சின்ன பம்ப். ஆயில் வழக்கமாக வெளியே போகும் வாயிலிருந்து உள்ளே செலுத்தினார். எந்தப் பக்கமாக வந்து அடைத்ததோ, அதற்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளினால்தான் கிளம்புமாம். நடுநடுவே காற்றை விட்டு விட்டு அடித்தார். வெளியே வருவதை வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினார்.

முதல் தடவை கறுப்புக் கசடு. இரண்டாவது தடவை டீ நிறம். மூன்றாவது தடவை துணியை வெயிலில் விரித்துக் காட்டினார். ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுத்தது. காந்தத்தை மேலே நகர்த்தினார். ஒன்றிரண்டு துகள்தான் ஒட்டின, மீதி அசையவே இல்லை. பேரிங்கின் முதுகு இரும்பு, மேல்பூச்சு இரும்பு இல்லை. அதனால் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் காந்தம் இருக்கிறதே என்று நம்புவதில் பிரயோஜனம் இல்லை.

நாலாவது தடவை துணி சுத்தமாக வந்தது. நானாக இருந்தால் அந்த நிமிஷமே கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர் மரச் சுத்தியலால் கூலரின் பக்கவாட்டில் மெதுவாக நாலு தட்டு தட்டி, மறுபடி பம்பைப் போட்டார். துணியில் திரும்பவும் மினுமினுப்பு. "பாருங்க, இன்னும் உள்ள இருக்குது. இன்ஜின் அதிர்ச்சியில இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா கிளம்பும். இதை மாட்டாதீங்க, புதுசு வாங்கிக்கங்க."

இன்னோவா கூலர் தகடு தகடாக அடுக்கினது. தகடுகளுக்கு நடுவே ஆயில் சுழன்று போவதற்காக நுணுக்கமான மடிப்புகள் இருக்கின்றன. ஆயிலின் சூடு கூலன்ட்டுக்கு நன்றாக இறங்க உதவுவது அந்த மடிப்புகள்தான். தூளைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அவையே. கூலரை அறுத்தால் ஒழிய உள்ளே பார்க்க முடியாது.

மூன்று மணி நேர வேலை. 600 ரூபாய்தான் வாங்கினார். கூலர் மூடி, ஃபில்டர் உட்காரும் பிராக்கெட், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப் மூன்றையும் அதே காசில் கழுவிக் கொடுத்தார். அவற்றில் மடிப்பு இல்லை, வழி நேராக இருக்கிறது, பிரஷ் விட்டு எடுக்க முடிகிறது. அதற்கு மட்டும் தைரியமாக உத்தரவாதம் சொன்னார். பழைய கூலரையே பளபளவென்று துடைத்து இரண்டாயிரம் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, மண்ணெண்ணெய் நெடி தலைவலி கொடுக்கும், பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான். போனில் நேரம் சொல்லமாட்டார். லாரிக்காரர்கள் வந்துவிட்டால் அவர்களுக்குத்தான் முதல் கவனிப்பு. காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது.

புதுக் கூலரும் புது கேஸ்கெட்டும் போட்டோம். டீசல் போகாமல் நிறுத்திவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றிய பிறகுதான் இன்ஜினை உயிர்ப்பித்தோம். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்து அதன் காகிதத்தை அவர் செய்த மாதிரியே வெயிலில் விரித்துப் பார்த்தேன். மினுமினுப்பு இல்லை. 5,000-த்திலும் அறுத்தேன், அப்போதும் இல்லை. இப்போது 14,000 ஓடியிருக்கிறது.