கூகுள் ஸ்காலர் ப்ரொஃபைல்: காசு வேண்டாம், களை எடுக்க வேண்டும்

சந்தா கிடையாது, கூகுள் கணக்கும் கல்லூரி மின்னஞ்சலும் இருந்தால் போதும். 2004-ல் ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறியாக வந்த கூகுள் ஸ்காலர், ஒருவரின் கட்டுரைகளையும் அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையையும் காட்டும் ஆய்வாளர் ப்ரொஃபைலை 2011-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. மாநாட்டுக் கட்டுரை, புத்தக அத்தியாயம், ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றிய கட்டுரை) என எல்லாவற்றையும் அள்ளுவதால், மேற்கோள் எண்ணிக்கை ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். மாநாட்டுக் கட்டுரைக்கு மதிப்புள்ள கணினி அறிவியலுக்கு இது நியாயம்தான்.

தொல்லை பெயரில் தொடங்குகிறது. இனிஷியலும் பெயருமாக எழுதுகிற நமக்கு இது தனிச் சாபம். 'எஸ். குமார்' என்று போட்டால் வேதியியல் குமார், கால்நடை மருத்துவக் குமார் எல்லாருடைய கட்டுரையும் வந்து குவியும். காட்டும் தொகுதியை அப்படியே டிக் செய்யாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேருங்கள். புதிய கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பை மாற்றி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி வையுங்கள். ஒரே கட்டுரை ப்ரீபிரிண்டாக ஒரு வரி, இதழில் வந்ததாக ஒரு வரி என்று நின்றால் இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுக்க வேண்டும். விட்டால் ஒன்றில் 9, மற்றதில் 6 என மேற்கோள் பிரிந்து நிற்கும். ப்ரொஃபைலில் ஐ10 என்று ஒரு எண் வரும்: பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எத்தனை என்பது. பத்தைத் தொட்டால்தான் அதில் எண்ணப்படும் என்பதால் அந்தக் கட்டுரை கணக்கிலேயே வராது.

ப்ரொஃபைலில் வரும் இன்னொரு எண்ணான எச்-இண்டெக்ஸ் இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்தது. 12 என்றால், தலா 12 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 12 இருக்கின்றன என்று பொருள். ஒரே கட்டுரை எழுதி அது ஆயிரம் மேற்கோள் வாங்கினாலும் எச் 1தான். கணிதக்காரரின் எச்சை உயிர்மருத்துவக்காரரின் எச்சோடு வைத்துப் பார்ப்பது வீண் வேலை: கணிதத்தில் கட்டுரைகளும் குறைவு, ஒவ்வொன்றின் பின்னும் வரும் மேற்கோள் பட்டியலும் சிறியது. இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் அளவு ஸ்காலரில் இல்லை. ஸ்கோபஸின் எஃப்.டபிள்யூ.சி.ஐ. (துறைக்கேற்பச் சரிசெய்த மேற்கோள் அளவு) அதற்கானது, 1 என்றால் அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழிக்கும் வசதியும் ஸ்காலரில் இல்லை, அங்கே உண்டு.

ஸ்காலரின் பெரிய ஓட்டை, வாசலில் ஆள் இல்லாதது: உள்ளே வருவதைச் சரிபார்ப்பவர் இல்லை. பிரான்சின் கணினி அறிவியலாளர் சிரில் லாபே, மென்பொருள் உருட்டித் தந்த போலிக் கட்டுரைகளை ஏற்றி, உலகத்திலேயே இல்லாத 'ஐக் ஆன்ட்கேர்' என்பவருக்கு 2010-ல் எச்-இண்டெக்ஸ் 94 வாங்கிக் கொடுத்தார். பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், குறும்பு புரியும்: 'ஐ கான்ட் கேர்', 'எனக்கென்ன கவலை' என்று ஆங்கிலத்தில்.

எண்ணிக்கை ஏறும், சில நாள் இறங்கவும் செய்யும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் எழுதும்போது பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைய பக்கத்தை பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.