பி.ஏ. வரலாறு படித்துவிட்டு வக்கீலானவள் சொல்கிறேன்

தோழியின் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், வக்கீலாக ஆசை. "பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சிட்டு மூணு வருஷ லா போகட்டுமா, நேரா அஞ்சு வருஷத்துலயே சேர்த்துடட்டுமா, சொல்லேன்டி" என்று கேட்டாள். நான் முதல் வழியில் வந்தவள். கட்டணம், கட் ஆஃப், கவுன்சலிங் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த பி.ஏ. கோர்ட்டில் எனக்கு எதற்கு உதவியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சிவகங்கைப் பக்கம் சிவில் வழக்கென்றால் பெரும்பாலும் நிலம்தான். ஜூனியராகச் சேர்ந்த புதிதில், ஒரு கேஸ் கட்டைக் கொடுத்துத் தேதிவாரியாகக் குறிப்பெடுக்கச் சொன்னார் சீனியர். உள்ளே ஓர் அடங்கல் நகல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கு. பசலி 1372 என்றிருந்தது; பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. 590-ஐக் கூட்டினால் 1962. பசலி ஜூலையில் பிறப்பதால் 1962-63. பி.ஏ.வில் எங்கள் பேராசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கு இது. எதிர்த்தரப்புக் கிரயப் பத்திரத்துக்கு முன்பே எங்கள் கட்சிக்காரரின் தகப்பனார் அங்கே சாகுபடி செய்திருக்கிறார் என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிட்டது. நிரந்தர நிலவரித் திட்டம், ஜமீன், அந்த ஜமீனை ஒழித்த 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், அரசுக்கே நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி பட்டா என்று வகுப்பில் தனித்தனிப் பாடமாகப் படித்ததெல்லாம் இங்கே ஒரே சர்வே எண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை.

அரசியல் சட்ட வகுப்பிலும் அப்படித்தான். கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செண்பகம் துரைராஜன் வழக்கை மற்றவர்கள் 1951-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, முதல் திருத்தம், அதில் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 15(4) என்று மனதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி ஆணையிலிருந்தே கதை தெரிந்த எனக்கு, அந்தத் திருத்தம் ஏன் அத்தனை அவசரமாக வந்தது என்பது தானாகவே புரிந்தது.

இவ்வளவு சொன்னாலும் ஒரு கோபம் இன்னும் ஆறவில்லை. பி.ஏ. பரீட்சை! 'ரயத்துவாரி முறையின் நிறை குறைகளை விவரி', பத்து மதிப்பெண். கைடில் இருக்கும் எட்டு தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடிட்டு எழுதினால் முடிந்தது. மூல ஆவணம் ஒன்றைக் கையில் கொடுத்து, 'இதை எழுதியவர் யார், எதற்கு எழுதினார், எவ்வளவு தூரம் நம்பலாம்' என்று ஒரு தாளிலும் கேட்டதில்லை. குறுக்கு விசாரணைக்குத் தேவையான புத்தி அதுதானே? சட்டப் படிப்பில் முதல் ஒப்பந்தச் சட்டத் தேர்விலேயே, 'அ கடிதம் போட்டார், அது கிடைக்கும் முன் ஆ மனம் மாறினார், தீர்மானி' என்று கேட்டார்கள். பி.ஏ. முடித்து வந்தவர்களில் பலர் ஒப்பந்தத்தின் இலக்கணத்தை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, யார் பக்கம் தீர்ப்பு என்று சொல்லாமலே வந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வருடம் அப்படித்தான் பழக்கி அனுப்பியிருந்தார்கள்.

அதனால் என் பதில்: ஐந்து வருடப் படிப்பிலேயே சேர். வரலாறும் அரசியல் அறிவியலும் அங்கேயும் இருக்கின்றன, ஒரு வருடமும் மிச்சம். வரலாறு படிக்காத வக்கீலாக என்னை என்னாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் கைடை ஒப்பிக்க ஒரு பெண்ணின் மூன்று வருடத்தைக் கொடு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் செய். உங்கள் ஊர்க் கல்லூரியில் பழைய ஆவணத்தை மேசையில் வைத்துப் பிள்ளைகளை வாசிக்க வைக்கிற ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரி. இருந்தால், நான் சொன்னதை விட்டுவிட்டு பி.ஏ.விலேயே சேர்த்துவிடு.